டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஷட்டர் கோளாறுகள்

ஷட்டர் கோளாறு என்பது டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சார் மீது ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரைகள் சரியாகத் திறக்காமலோ, மூடாமலோ, உரிய வேகத்தில் நகராமலோ போவதைக் குறிக்கும். படம் முழுவதும் கறுத்துப்போதல், படத்தின் மேலோ கீழோ கரும்பட்டை விழுதல், கேமரா பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடுதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இதே அறிகுறிகள் ஷட்டர் நல்ல நிலையில் இருக்கும்போதும் தோன்றலாம். ஷட்டரை மாற்றுவது செலவு மிக்கது என்பதால், கோளாறு எந்த உறுப்பில் உள்ளது என்பதை முதலில் பிரித்தறிவது அவசியமாகிறது.

ஷட்டர் இயங்கும் முறை

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உள்ளன. ஒவ்வொரு திரையும் மெல்லிய தகடுகளால் ஆனது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும். லென்ஸின் துளை தேவையான அளவுக்குச் சுருங்கும். முதல் திரை நகர்ந்து சென்சாரைத் திறக்கும். குறித்த நேரம் கழிந்ததும் இரண்டாம் திரை அதைத் தொடர்ந்து வந்து மூடும்.

பல கேமராக்களில் ஏறத்தாழ 1/200 அல்லது 1/250 நொடி வரை சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதைவிடக் கூடிய வேகங்களில், முதல் திரை பயணத்தை முடிக்கும் முன்பே இரண்டாம் திரை புறப்பட்டுவிடும். அப்போது இரு திரைகளுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளி மட்டுமே சென்சார் மீது நகர்ந்து செல்கிறது.

திரை மந்தமாகும்போது உயர்ந்த வேகங்களில்தான் பாதிப்பு முதலில் தெரிவதற்கு இதுவே காரணம். 1/60 நொடி என்பது ஏறத்தாழ 17 மில்லிநொடி. முதல் திரை 1 மில்லிநொடி தாமதித்தால் அந்தப் படத்தில் வேறுபாடு தெரியாது. 1/2000 நொடி என்பது அரை மில்லிநொடி மட்டுமே. அதே தாமதத்தில் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிடும். அந்த இடத்திலிருந்து படம் கறுத்துவிடும்.

கடலோரச் சூழலின் தாக்கம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கேமரா அதிகம் பயன்படும் இடங்கள் பல கடலை ஒட்டியவை. நாகூர் கந்தூரி விழா, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழா, மீன்பிடித் துறைகள், வேதாரண்யம் உப்பளங்கள் ஆகியவை அவற்றுள் சில. 1967இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரை சரணாலயத்துக்குப் பூநாரை உள்ளிட்ட வலசைப் பறவைகளைப் படமெடுக்கப் பலர் வருகின்றனர். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி போன்ற வேகம் தேவைப்படுவதால், மந்தமான ஷட்டர் இங்கேதான் முதலில் வெளிப்படுகிறது.

உப்புக் காற்று லென்ஸின் உலோகத் தொடுமுனைகளில் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும். வெளியில் லென்ஸ் மாற்றும்போது உள்ளே விழும் நுண்மணல் திரைத் தகடுகளிடையே சிக்கக்கூடும். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக் காற்றுக்குக் கேமராவை எடுத்துவரும்போது அதன்மேல் நீர்த்துளிகள் படியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் இன்னும் கூடும்.

பிழை எண்கள்

கேனான் கேமராக்களில் 01 என்ற எண், கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தொடர்பு சரியில்லை என்பதைக் காட்டும். 02 மெமரி கார்டு தொடர்பானது. 20, 30 போன்ற எண்கள் படமெடுக்க இயலாத உட்கோளாறைக் குறிக்கும். கேமராவை அணைத்து இயக்கும்படியும், பேட்டரியைக் கழற்றி மாட்டும்படியும் கையேடு கூறும். பழைய மாதிரிகளில் 99 என்பது பல காரணங்களுக்கும் பொதுவான எண். அதைக் கண்டதும் ஷட்டர் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

நிக்கான் கேமராக்களில் கோளாறு ஏற்பட்டால் பிழைக் குறி மின்னும். ஷட்டர் பொத்தானை மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். எஃப்.ஈ.ஈ. என்ற குறி ஷட்டர் கோளாறு அன்று. லென்ஸின் துளை வளையம் மிகப் பெரிய எஃப் எண்ணில் வைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

சோதித்தறியும் படிகள்

எளியதில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பது நல்லது.

1. கார்டு விளக்கு அணைந்த பின் கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, முழுதாக மின்னேற்றிய வேறு பேட்டரியைப் பொருத்த வேண்டும். வலுவிழந்த பேட்டரியால் கண்ணாடியும் திரைகளும் பாதியில் நிற்கலாம்.

2. மின்விசிறியை நிறுத்திய அறையில் லென்ஸைக் கழற்றி, தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும்.

3. லென்ஸை மிகக் குறைந்த எஃப் எண்ணில் வைத்துப் படமெடுத்து, பிறகு எஃப்/8இல் எடுக்க வேண்டும். முதலாவது சரியாக வந்து இரண்டாவதில் மட்டும் பிழை வந்தால், கோளாறு லென்ஸின் துளை அமைப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வேறு லென்ஸை மாட்டி இதை உறுதி செய்யலாம்.

4. லைவ் வியூவை இயக்க வேண்டும். திரையில் காட்சி தெரிந்தால் கண்ணாடி எழுந்து ஷட்டர் திறந்துள்ளது என்று பொருள். கண்ணாடி எழுந்தும் காட்சி கறுப்பாகவே இருந்தால் திரை சிக்கியிருக்கலாம்.

5. ஃப்ளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சம் சீராக விழும் வெள்ளைச் சுவரை 1/60, 1/250, 1/1000, 1/4000 நொடிகளில் எடுத்து ஒப்பிட வேண்டும். வேகம் கூடக்கூட ஒரு பக்கம் இருண்டால் திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை என்பது தெளிவு.

ஐந்தாம் சோதனையில் கரும்பட்டை விழுந்தாலோ, நல்ல பேட்டரியும் வேறு லென்ஸும் மாட்டிய பின்னும் பிழை எண் தொடர்ந்தாலோ கேமராவைப் பழுதுநீக்கும் மையத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

கோளாறு போலத் தோன்றுபவை

ஃப்ளாஷ் ஒத்திசைவு வேகத்தைத் தாண்டிப் படமெடுத்தால், ஷட்டர் நன்றாக இருந்தாலும் கரும்பட்டை விழும். வேகத்தை 1/200 அல்லது அதற்குக் கீழே குறைத்தால் அது மறையும்.

கல்யாண மண்டபங்களின் எல்.இ.டி. விளக்குகளும் படத்தில் பட்டைகளை உண்டாக்கலாம். இந்தியாவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் இந்தப் பட்டைகள் பெரும்பாலும் நீங்கும்.

செய்யக் கூடாதவை

ஷட்டர் திரையை விரலாலோ பஞ்சாலோ தொடக் கூடாது. தகடு சிறிது வளைந்தாலும் சிக்கிக்கொள்ளும். அழுத்தக் காற்றுக் குப்பியைத் திரைமீது பீய்ச்சக் கூடாது. எண்ணெய் விடுவது சென்சாரையும் கெடுக்கும்.

நனைந்த கேமராவை அரிசிக்குள் புதைப்பதும் பயன் தராது. அரிசியின் தவிட்டுத் தூசி உள்ளே புகும். ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல்லே ஏற்றது. கடல்நீரில் விழுந்த கேமராவை இயக்கிப் பார்க்காமல் பேட்டரியைக் கழற்றிவிட்டு உடனே பழுதுநீக்குவோரிடம் தர வேண்டும். உப்பு காய்ந்த பிறகும் அரிப்பு தொடரும்.

ஆயுளும் உற்பத்திக் குறைகளும்

உற்பத்தியாளர்கள் ஷட்டருக்குச் சோதனை ஆயுள் ஒன்றை அறிவிக்கின்றனர். கேனான் 5டி மார்க் III கேமராவுக்கு இது 1,50,000 இயக்கங்கள். நிக்கான் டி850க்கு 2,00,000. இந்த எண்ணிக்கை உத்தரவாதம் அன்று. சில ஷட்டர்கள் இதற்கு முன்பே பழுதாகலாம். சில இதைக் கடந்தும் உழைக்கலாம். பழைய கேமரா வாங்குவோர் ஷட்டர் எண்ணிக்கையுடன் மேற்கண்ட சுவர்ச் சோதனையையும் செய்து பார்ப்பது நல்லது.

உற்பத்தியிலேயே குறை நேர்ந்ததும் உண்டு. டி750 கேமராக்கள் சிலவற்றில் படத்தின் ஒரு பகுதி நிழலாக விழக்கூடும் என்று நிக்கான் 2015இல் அறிவித்து, அவற்றின் ஷட்டரை இலவசமாக மாற்றித் தந்தது. பழுதுக்குப் பணம் செலுத்தும் முன், வரிசை எண்ணைக் கொண்டு இத்தகைய அறிவிப்பு உள்ளதா என்று பார்க்கலாம்.

பாதுகாப்பு முறைகள்

கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை நீக்க வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே வரும்போது, வெளி வெப்பத்துக்குப் பழகும் வரை கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருக்கலாம். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் சேமிப்பது ஈரத்தையும் பூஞ்சையையும் தடுக்கும்.

ஷட்டர் நின்றுவிட்டாலும் மெமரி கார்டில் ஏற்கெனவே பதிவான படங்கள் பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. தாலி கட்டும் நேரம் போன்ற திரும்ப வராத தருணங்களைப் பதிவு செய்யும் தொழில்முறைக் கலைஞர்கள் இரண்டாவது கேமரா ஒன்றைக் கையில் வைத்திருப்பதே உறுதியான பாதுகாப்பாகும்.