பனியன் ஊருக்குள் ஒரு தீவு: நஞ்சராயன் குளத்துக்கு ‘சரணாலயம்’ பலகை மட்டும் போதுமா?

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள், குடோன்கள், புதுசு புதுசாகக் கல் நட்ட வீட்டுமனைகள். இதற்கு நடுவே, சர்க்கார் பெரியபாளையத்தில், ஒரு பெரிய நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறது. அதுதான் நஞ்சராயன் குளம். காலை ஷிப்ட்டுக்கு வண்டியை முறுக்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களோ தெரியாது. ஆனால் இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துக்கு இந்த இடம் நன்றாகவே தெரியும்.

நஞ்சராயன் என்ற மன்னர் பல நூற்றாண்டுகளுக்கு முன் சீரமைத்ததால் இந்தப் பெயர் என்கிறார்கள். பரப்பளவு சுமார் 125 ஹெக்டேர். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அப்போது வெளியான கணக்குப்படி இங்கே 191 வகைப் பறவைகள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள், 21 வகை ஊர்வன, 7 வகைத் தவளை, தேரை இனங்கள் இருக்கின்றன. ஒரு தொழில் நகரத்தின் ஓரத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

அதென்ன ‘தீவு’?

கடல் சூழ்ந்த நிலம் மட்டும்தான் தீவு என்றில்லை. சுற்றிலும் வாழ முடியாத இடம் சூழ்ந்துவிட, நடுவில் தப்பிப் பிழைத்த வாழிடத்தையும் சூழலியலாளர்கள் தீவாகவே பார்க்கிறார்கள். தீவு சின்னதாக, தனிமையாக ஆக ஆக, அதில் தாக்குப்பிடிக்கும் இனங்களும் குறையும். ராபர்ட் மெக்கார்தர், எட்வர்ட் வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1967-ல் புத்தகமாகவே எழுதிய கோட்பாடு இது. குளம் கெட்டுப்போனால் நாரை பறந்து வேறு குளம் தேடும். தவளையும் ஆமையும் ரோட்டைத் தாண்டி எங்கே போகும்?

நிஜத் தீவுகளுக்கும் இதே பிரச்சினைதான். மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடை தீவு, 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பக்கத்திலேயே பாக் நீரிணைப் பகுதியில், ‘கப்பாபைகஸ்’ என்ற வெளிநாட்டுக் கடல்பாசியை வளர்க்கத் தொடங்கினார்கள். கரையோரப் பெண்களுக்கு நல்ல வருமானம் தந்த தொழில் அது. ஆனால் 2008-ல், அதே பாசி குருசடையின் பவளப்பாறைகள் மேல் போர்வை மாதிரி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெளிச்சம் மறைந்தால் பவளம் செத்துவிடும். கையால் பிய்த்து எடுத்தாலும், விட்டுப்போன ஒரு துண்டு போதும், திரும்ப முளைத்துவிடும். பூங்காவின் எல்லை வரைபடத்தில் இருந்தது. தண்ணீருக்குள் இல்லை.

குளத்துக்குள் எது நுழைகிறது?

நஞ்சராயன் குளத்துக்குத் தண்ணீர் தருவது நல்லாறு. மழைக்காலத்தில் அது ஊரைக் கழுவிக்கொண்டுதான் வருகிறது. சாயத்தண்ணீர் கதை திருப்பூர்க்காரர்களுக்குப் புதுசில்லை. நொய்யலைக் காப்பாற்ற 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் திரும்ப ஓட ஆரம்பித்தன. அதனால் சாயத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கிறது. வீட்டுச் சாக்கடை மேல்தான் யாருக்கும் கண் இல்லை.

நொய்யல் படுகைக் குளங்களில் ஆகாயத் தாமரையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சாக்கடையில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்கு உரம். சூழல் ஒத்துப்போனால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். மேலே பச்சையாக மூடிக்கொள்ள, கீழே வெளிச்சமும் ஆக்சிஜனும் குறையும். திறந்த தண்ணீர் தேடி வரும் வாத்துகளுக்கு இறங்க இடமிருக்காது. ஜேசிபி வைத்து அள்ளிப் போட்டோ எடுத்துப் போடலாம்தான். சாக்கடை நிற்காத வரை அடுத்த சீசனிலும் அதே போட்டோதான்.

மீன் விஷயம் இன்னும் சிக்கல். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் பழகிப்போன ஜிலேபி மீன் நம்ம ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேகமாகப் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கூழைக்கடாவுக்கு ஜிலேபியும் சாப்பாடுதான். ஆகவே ‘வெளிநாட்டு மீன் என்றால் உடனே ஒழி’ என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. இன்னொரு வழி அபார்ட்மென்ட்களில் இருந்து திறக்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் பெரிசானதும், பாவம் பார்த்துக் குளத்தில் விடுகிறார்கள். அது கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். பாவம் பார்த்தது யாருக்கு என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

ராம்சர் என்பது அங்கீகாரம். கடிவாளம் வேறு இடத்தில் இருக்கிறது. 2017-ம் ஆண்டின் ஈரநில விதிகள் ராம்சர் குளங்களுக்கும் பொருந்தும். அதன்படி சுத்திகரிக்காத கழிவை விடக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, வெள்ளக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கட்டக்கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம், அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதியையும் வியாபாரத்தையும் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் இந்த 50 மீட்டரும் சரணாலயத்தின் எல்லையும் குளத்தைச் சுற்றித்தான். நல்லாறோ அதற்கு வெளியே, வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே ஓடி வருகிறது. அந்த ஓடையில் சேரும் சாக்கடைக்கு வனத்துறை மட்டும் பொறுப்பாக முடியாது. உள்ளாட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மேல்பகுதியில் செய்கிற வேலையைப் பொறுத்துத்தான் குளத்தின் நிலைமை.

வலசைப் பறவைகள் அக்டோபர், நவம்பரில் வரத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். நல்லாற்றில் புதுத்தண்ணீர் இறங்கும்போது, வருஷம் முழுக்க ஓடையில் தேங்கிக் கிடந்ததும் அதோடு சேர்ந்து குளத்துக்கு வருகிறது. வாத்துகள் வந்து இறங்குவது அந்தத் தண்ணீரில்தான்.