புத்தகத்தைத் துளைத்த புழு

புத்தகத்தில் ஓட்டை இருந்தால் என்ன செய்வோம்? "செல்லரித்த புத்தகம்" என்று தூக்கிப் போட்டு விடுவோம்.

ஆனால், பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை உள்ள ஒரு புத்தகம் உலகம் எங்கும் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று இருக்கிறது! 60-க்கும் அதிகமான மொழிகளில் வந்து இருக்கிறது.

அது சிறு குழந்தைகளுக்கான படப் புத்தகம். பெயர், "தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்". அதாவது, பசி தீராத புழு. அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் கதையும் எழுதி, படமும் தீட்டினார். 1969-ல் வெளிவந்தது.

கதை சின்னக் கதைதான். புழு தினமும் பழம் தின்கிறது. நாளுக்கு நாள் ஒரு பழம் கூடுகிறது. தின்ற பழத்தில் நிஜமாகவே ஓட்டை! குழந்தை அதில் விரலை விட்டு விளையாடும். சனிக்கிழமை கண்டதையும் தின்று, புழுவுக்கு வயிற்றுவலி. கடைசியில் கூடு கட்டி, பட்டாம்பூச்சியாக வெளியே வருகிறது.

ஒரு நாள் காகிதக் கட்டு ஒன்றில் கார்ல் துளை போட்டார். அந்தத் துளையைப் பார்த்ததும் பிறந்த கதை இது.

அடி வாங்கிய கை

கார்ல் 1929-ல் அமெரிக்காவில் சிராகியூஸ் நகரில் பிறந்தார். அப்பா அவரைக் காட்டுப் பக்கம் அழைத்துப் போவார். கல்லைப் புரட்டி, மரப்பட்டையை உரித்து, பூச்சி புழுக்களைக் காட்டுவார். பார்த்த பிறகு, அதை அதன் இடத்திலேயே விட்டு விடுவார்.

கார்லின் முதல் பள்ளிக்கூடத்தில் பெரிய பெரிய காகிதம் கொடுத்தார்கள். வண்ணமும், தடித்த தூரிகையும் கொடுத்தார்கள். பையனுக்கு ஒரே குதூகலம்!

அவருக்கு 6 வயதானபோது குடும்பம் ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே பள்ளிக்கூடத்தில் கிடைத்தது பிரம்படி. தூரிகை பிடித்த கையில் அடி விழுந்தது. பிறகு போர் வந்தது. படைக்குப் போன அப்பா, ரஷியரிடம் சிறைப்பட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பினார்.

அந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம். ஹிட்லர் ஆட்சி புதுவகை ஓவியங்களுக்குத் தடை போட்டிருந்தது. ஓவிய ஆசிரியர் ஒருவர் கார்லை வீட்டுக்கு அழைத்து, அந்தப் படங்களை ரகசியமாகக் காட்டினார். "இப்படியும் வரையலாமா!" என்று பையன் வியந்தான்.

1952-ல் கார்ல் அமெரிக்கா திரும்பினார். பிற்காலத்தில் குழந்தைகளுக்கு வண்ணத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தார். 2021-ல், 91 வயதில் காலமானார்.

நீங்களும் செய்யலாம்

கார்ல் படம் செய்த முறை எளிது. மெல்லிய தாளில் வண்ணம் பூசுவார். உலர்ந்ததும் கத்தரித்து ஒட்டுவார். இதை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில், வெள்ளைத் தாளைக் குழந்தையிடம் கொடுங்கள். இஷ்டம்போல் வண்ணம் பூசட்டும். தூரிகை இல்லையா? பழைய துணி போதும்.

தாள் உலர்ந்ததும் டம்ளரை வைத்து வட்டம் போடுங்கள். கத்தரிக்கோல் பெரியவர் கையில் இருக்கட்டும். சின்னக் குழந்தை கையால் கிழித்தாலே போதும். பழைய காலண்டர் அட்டையில், ஒன்றின் மேல் ஒன்று படும்படி வட்டங்களை ஒட்டினால், புழு தயார்! ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும்.

அடுத்து, பழங்கள். திங்கள் 1 கொய்யா, செவ்வாய் 2 மாம்பழம் என்று வெள்ளி வரை 5 நாளுக்குச் செய்யுங்கள். ஒவ்வொரு பழத்திலும் விரல் நுழைய ஓட்டை போடுங்கள். "மொத்தம் எத்தனை பழம்?" என்று கேளுங்கள். 15 என்று எண்ணிச் சொல்வதற்குள், கிழமையும் கணக்கும் மனதில் பதிந்து விடும்.

பிறகு, கறிவேப்பிலைச் செடிக்கோ எலுமிச்சைச் செடிக்கோ அழைத்துப் போங்கள். இலையைத் தின்னும் நிஜப் புழுவைக் காட்டுங்கள். சில வாரங்களில் அது பட்டாம்பூச்சி ஆகும். தினமும் போய்ப் பார்க்கலாம். தொட வேண்டாம்.

நீலப் புழு

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புழுவுக்குக் குழந்தை நீல வண்ணம் பூசினால், "புழு பச்சைதானே!" என்று திருத்தாதீர்கள். நீலக் குதிரை வரையும் ஓவியனைப் பற்றிக் கார்ல் 2011-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

பிரம்படி பட்ட கைதான் அந்தப் புத்தகத்தையும் செய்தது. உங்கள் குழந்தையின் கைக்கு வண்ணத்தைக் கொடுங்கள். எந்த வண்ணம் என்பதை அது முடிவு செய்யட்டும்!