ஓடும் வீடு வாங்குகிறார்கள்!

ஊருக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள். அமெரிக்காவில் சிலர் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்!

அதன் பெயர் "மோட்டார் ஹோம்". வெளியே பார்த்தால் பஸ் மாதிரி இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப் பெட்டி, குளிக்கும் அறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. அயோவா மாநிலத்தில் பாரஸ்ட் சிட்டி என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே உள்ள வின்னிபேகோ கம்பெனி 1966-ல் இந்த வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. யார் செய்த வண்டியானாலும் அதை "வின்னிபேகோ" என்றே சொல்கிறவர்கள் இன்றும் உண்டு.

ஓய்வு பெற்ற தம்பதிகள் இதை ஆசையோடு வாங்குகிறார்கள். சிலர் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியேறிவிடுகிறார்கள். வண்டி கெட்டுப்போனால் அவர்களுக்கு வண்டியும் போயிற்று, வீடும் போயிற்று!

பெரிசா, சிறிசா?

பெரிய வண்டி பஸ் போன்றது. 40 அடி நீளம்கூட இருக்கும். சிறியது வேன். நடுத்தர வண்டியில் டிரைவரின் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்கு அந்த இடம் என்றால் கொண்டாட்டம்.

பெரிசுதான் வசதி என்று நினைப்பது இயற்கை. ஆனால் மான்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. பனிமலைகளைக் காண ஜனங்கள் வந்து குவியும் இடம். அங்கே கணவாயைக் கடக்கும் மலைப் பாதையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். மலையைப் பார்க்க வண்டி வாங்கியவர், வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்!

படுக்கை ஆறு, பெல்ட் நாலு

"ஆறு பேர் படுக்கலாம்" என்பார் விற்பவர். படுக்கலாம். வண்டி ஓடும்போது ஆறு பேரும் எங்கே உட்காருவது? சில வண்டிகளில் பெல்ட் வைத்த இடம் நாலுதான். விவரம் தெரிந்தவர்கள் படுக்கையை எண்ணுவதில்லை. பெல்ட்டை எண்ணுகிறார்கள்.

கதவருகே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோ ஏறலாம் என்று அதில் போட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. தொட்டியில் 200 லிட்டர் நிரப்பினால் 200 கிலோ! அதற்குமேல் துணிமணி, பாத்திரம், நாய்க்குட்டி. பாரம் மீறினால் டயர் வெடிக்கும்.

டயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த வண்டிகள் பல மாதம் சும்மா நிற்பவை. டயர் தேயாமலே கிழடாகிவிடும். அதன் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம்.

விலைக்கு 15, 20 வருஷத் தவணையில்கூடக் கடன் கிடைக்கிறது. கடன் மெதுவாகக் குறையும். வண்டியின் மதிப்போ வேகமாகக் குறையும். புத்திசாலிகள் முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். கழிவுத் தொட்டியைத் தன் கையாலேயே காலி செய்யும்போது கணவரின் ஆசை பாதி குறைந்துவிடுவதும் உண்டு!

தண்ணீர்தான் எமன்

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, கூரையில் இருக்கிறது.

காற்று வரவும், குளிர்சாதனம் வைக்கவும் கூரையில் துளை போட்டிருப்பார்கள். அந்த ஓரங்களில் பசை பூசி அடைத்திருக்கும். வெயிலில் பசை வெடிக்கும். மழை நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

சாதாரண வீடு ஒழுகினால் தலையில் சொட்டும். உடனே தெரிந்துவிடும். இந்த வண்டியிலோ தண்ணீர் சுவருக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் வெளியே தெரியாது. உள்ளே பலகை உளுத்துப்போன பிறகுதான் சுவர் உப்பும். அதைச் சரி செய்ய ஆகும் செலவு, பழைய வண்டி என்றால், அதன் விலையையே எட்டிவிடக்கூடும்.

புதுக் கார் திரும்பத் திரும்பப் பழுதானால் கம்பெனியே திரும்பப் பெற வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆனால் கலிபோர்னியா மாநிலத்தில் அந்தச் சட்டம் இந்த வண்டியின் ஓடும் பகுதிக்குத்தான். குடியிருக்கும் பகுதிக்கு இல்லை!

ஆகையால் அனுபவசாலிகள் மெத்தையையும் திரைச்சீலையையும் பார்த்து மயங்குவதில்லை. ஏணி வைத்துக் கூரைமேல் ஏறுகிறார்கள். சுவர் மூலைகளை விரலால் அழுத்துகிறார்கள். அமுங்கினால் உள்ளே ஈரம். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கிறார்கள். பூஞ்சை வாடை அடித்தால் இறங்கிவிடுகிறார்கள். வாசனைத் தைலம் கமகமத்தால் இன்னும் சந்தேகம்!

வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டி வந்து கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு. அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

மழை பெய்த மறுநாளாகப் பார்த்து வண்டியைப் பார்க்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒழுகுகிற வண்டி அன்றைக்குத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.