தறிக்கூடமும் மேஸ்திரி ஒப்பந்தமும்

தை பிறந்து, அறுவடை முடிந்து, கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும் நம் அங்கத்தினர்களின் எண்ணம் முதலில் செல்வது வீட்டின் பக்கமே. ஓடு மாற்ற வேண்டும், ஒழுகும் தளத்தைச் செப்பனிட வேண்டும், தறிக்கென்று ஒரு தனிக் கூடம் எடுக்க வேண்டும் என்று ஆண்டு முழுவதும் தள்ளிவைத்த காரியங்களெல்லாம் அப்பொழுது தலைதூக்கும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரப்பேட்டைக்கு அருகேயுள்ள புதுவாயல் கூட்டுரோட்டில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவருக்கு இது நன்கு விளங்கும். பெரியபாளையம் பக்கத்துச் சூளைகளின் செங்கல் லாரியும், கும்மிடிப்பூண்டி சிப்காட் உருட்டாலைகளின் கம்பி லாரியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். செங்கல்லும் கம்பியும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும் பாக்கியம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. அப்படியிருந்தும், வீட்டு வேலையில் கையைச் சுட்டுக்கொண்ட அங்கத்தினர்களைத் தணிக்கைக்குச் செல்லும் ஊர்தோறும் நாம் சந்திக்கிறோம். விலைவாசியை மட்டும் நொந்து பயனில்லை; வேலையை ஒப்படைக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது.

புதுவாயலை அடுத்த ஓர் ஊரில் நெசவாளர் ஒருவர் 12 அடிக்கு 20 அடியில் தறிக்கூடம் கட்ட முற்பட்டார். நகைக்கடனும் சேமிப்பும் சேர்த்துப் பணம் திரட்டியிருந்தார். மேஸ்திரி தெரிந்தவர், தூரத்து உறவும்கூட. பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று திண்ணையில் அமர்ந்து பேசி முடித்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றினார்களே தவிர, ஒரு வரி எழுதவில்லை. ஆனியில் வேலை தொடங்கிற்று. "கம்பி விலை ஏறப்போகிறது", "ஆட்களுக்கு வாரக்கூலி" என்று கேட்டபோதெல்லாம் பணம் போயிற்று. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது 4,80,000 ரூபாயில் 3,00,000 ரூபாய் போய்விட்டது. பிறகு மேஸ்திரி வரவில்லை. அவர் ஊரை விட்டு ஓடிவிடவுமில்லை. வேறொருவர் வீட்டுத் தளத்தை இந்தப் பணத்தைக் கொண்டு முடித்துக்கொண்டிருந்தார்! கேட்டால் "நாளைக்கு வருகிறேன்" என்பார். அந்த நாளை ஐப்பசி வரை வரவில்லை, மழைதான் வந்தது. புதிய கூடத்தை நம்பிப் பழைய கூரையைப் பிரித்திருந்தபடியால் தறிக்குழியில் முழங்கால் அளவு நீர் நின்றது. தறியில் ஏற்றியிருந்த பாவு நனைந்து, கஞ்சி பூஞ்சணம் பிடித்தது. சங்கத்து நூல் அது. இரண்டு மாதம் நெசவும் இல்லை, கூலியும் இல்லை; நகைக்கடனுக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறியது.

இவ்வங்கத்தினர் கணக்கறியாதவர் அல்லர் என்பதே நம்மை வியப்பில் ஆழ்த்தியது. சங்கத்தில் அவர் நூலை நிறுத்து வாங்குகிறார். துணியை நிறுத்துக் கொடுக்கிறார். அகலம் ஒரு விரற்கடை குறைந்தாலும் கேள்வி எழும் என்பதை அறிவார். நெய்யாத துணிக்கு எந்தச் சங்கமாவது கூலி கொடுத்ததுண்டா? ஆயுள் முழுவதும் இம்முறையில் பழகியவர், தம் வீட்டு வேலையில் மட்டும், எழும்பாத சுவருக்குக் கூலி கொடுத்துவிட்டார். அவரைக் குறை கூறும் தகுதி நமக்கும் இல்லை. ஊரார் கணக்கையெல்லாம் துருவிப் பார்க்கும் நாம், நம் வீட்டுக் குளியலறைத் தரைக்கு ரசீதில்லாமல் பணம் கொடுத்துவிட்டு ஆறு மாதம் அலைந்ததை இங்கே ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆகவே மேஸ்திரியை அழைப்பதற்கு முன்பே தமக்கு வேண்டியது என்னவென்பதைக் குடும்பத்தார் கூடி ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். தறி எத்தனை, பாவு ஏற்ற எவ்வளவு இடம் வேண்டும், வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பவை மேஸ்திரிக்குத் தெரியமாட்டா, நெய்கிறவருக்கே தெரியும். வடபுறத்து ஜன்னல் கண்ணுக்கு இதமான வெளிச்சம் தரும். குழித்தறியானால் குழியின் பக்கங்களும் அடியும் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சுடன் சிமெண்டுப் பூசப்பட வேண்டும். ஆரணியாற்றுப் பக்கத்து அங்கத்தினர்கள், 2015 நவம்பர், டிசம்பர் மாதப் பெருமழையில் தம் தெருவில் நீர் எம்மட்டம் வரை நின்றதென்று விசாரித்து, அதற்கு மேலாகத் தரைமட்டத்தை வைத்துக்கொள்வது உத்தமம். காலத்தையும் கணக்கிட வேண்டும். தை, மாசியில் தொடங்கினால் கோடைக்குள் தளம் போட்டுவிடலாம். ஆனி, ஆடியில் தொடங்குகிறவர் வடகிழக்குப் பருவமழையோடு பந்தயம் கட்டுகிறார்.

ஒப்பந்தம் இருவகைப்படும். பொருளை நாம் வாங்கித் தந்து கூலியை மட்டும் பேசுவது ஒன்று. பொருளும் மேஸ்திரி பொறுப்பென்பது மற்றொன்று. முன்னதில் பொருளின் தரம் நம் கையில் இருக்கும்; ஆனால் செங்கல்லுக்கும் மணலுக்கும் அலைய வேண்டும். தறியை விட்டு இறங்கினால் அன்றைய கூலி போயிற்று என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பயிரிடும் அங்கத்தினருக்கு அறுவடைக்குப் பின் ஓய்வுண்டாகையால் அவருக்கு முதல்வகை பொருந்தும். வீட்டில் பொறுப்பான இளைஞர் ஒருவர் இருந்தால் நெசவாளருக்கும் அதுவே நல்லது என்பது நம் அபிப்பிராயம். இரண்டாம் வகையைக் கொள்கிறவர் சிமெண்டின் பெயர், கம்பியின் கனம், செங்கல்லின் ரகம் ஆகியவற்றை எழுத்தில் பெறாமல் ஒரு காசும் கொடுக்கலாகாது.

தகராறு பெரும்பாலும் விலையில் எழுவதில்லை, அளவில்தான் எழுகிறது. சதுர அடிக்கு இன்ன விலை என்றால், எதை அளப்பது? சுவரின் உட்புறமா, வெளிப்புறமா? 12 அடிக்கு 20 அடி உள்ளளவு 240 சதுர அடி. சுற்றிலும் முக்கால் அடிச் சுவரைச் சேர்த்து வெளியளவு எடுத்தால் பதின்மூன்றரைக்கு இருபத்தொன்றரை. அதாவது 290 சதுர அடிக்கு மேலாகிறது. 2,000 ரூபாய் விலையில் இது ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம்! வெளியளவு எடுப்பது பொதுவழக்கமே. அதில் மோசம் ஒன்றுமில்லை. ஆனால் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் மேல் சன்ஷேடு, பரண், மாடிப்படி, கைப்பிடிச் சுவர், கழிவுத்தொட்டி ஆகியவை சதுர அடிக் கணக்கில் சேர்ந்தவையா, தனிவிலையா என்பதும் அப்படியே.

தளம் போடும் நாளில் வீட்டுக்காரர் விருந்தினரைக் கவனிப்பதை விடுத்து, தண்ணீர் வாளியைக் கவனிப்பது நலம். ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற கலவையில் 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் கூடாதென்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. கலவை இளகியிருந்தால் கொட்டுவது எளிது. ஆகையால் ஆட்கள் நீரைக் கூட்டவே விரும்புவர். தளம் பின்னால் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். போட்டபின் நீர் கட்டி நனைப்பதும் அவ்வளவு முக்கியம். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கு 10 நாள் என்பது குறைந்தபட்சம். நம் பங்குனி வெயிலுக்கு 14 நாள் நனைத்தாலும் தகும். நனைப்பது யார் பொறுப்பென்று எழுதாவிட்டால், மேஸ்திரி வீட்டாரை நம்புவார், வீட்டார் மேஸ்திரியை நம்புவர், தளம் காயும். முட்டுகளை 14 நாளைக்கு முன் பிரிக்கலாகாதென்றும் எழுதிக்கொள்ளச் சொல்லுகிறோம்.

பணத்தைப் பொறுத்தவரை சங்கத்து முறையே போதும். முன்பணம் பத்தில் ஒரு பங்கு; பிறகு அடித்தளம், ஜன்னல் மட்டம், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அதற்குரிய தொகை; கடைசிப் பத்தில் ஒரு பங்கு ஒரு மழைக்காலம் கழித்து. ஒவ்வொரு தடவையும் தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்ட சிறு நோட்டு ஒன்று இருக்கட்டும். சென்னை மாகாணத்தின் முதல் கூட்டுறவு நாணய சங்கம் 1904-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துத் திரூரில் தோன்றிய நாள்தொட்டு இவ்வியக்கம் நடப்பது இத்தகைய நோட்டுப் புத்தகங்களின் மீதுதான்.

மேஸ்திரிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. சுவர் எழும்பியபின் "ஜன்னலைத் தள்ளி வையுங்கள்" என்கிற வீட்டுக்காரர்களை நாம் அறிவோம். இடித்துக் கட்டிய கூலியைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இடையில் செய்யும் மாற்றத்துக்குத் தனிக்கூலி என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டியதே. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் தம் ஆட்களைப் பதிவு செய்வித்த மேஸ்திரியை நாம் கூடுதல் மதிப்புடன் நோக்குவோம். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் அக்குடும்பத்துக்கு அந்த அட்டை உதவும்.

எழுத்திலிருந்தும் வேலை நின்றுவிட்டால் வழியுண்டு. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 1993-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் ஆணையம் கேட்கும் முதற்கேள்வி, ரசீது எங்கே என்பதுதான்.

நம் நெசவாளரிடம் ரசீது இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி 70,000 ரூபாய் திரும்பிற்று. எஞ்சியது போனது போனதுதான். அடுத்த தையில் வேறொரு மேஸ்திரியுடன் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு மீதி வேலையைத் தொடங்கினார். பங்குனியில் தளம் முடிந்தது. மார்கழியில் நாம் சென்றிருந்தபோது புதிய கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு மூலையில் மட்டும் கையகலத்துக்கு ஓர் ஈரம். மேஸ்திரி மேலே ஏறி அந்த இடத்துத் தட்டோட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திவைத்த கடைசித் தவணை, நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி, மாடத்தில் இருந்தது.