காற்றாடி மின்யந்திரத்திற்கு ஏற்ற பாட்டரி

கடலோரத்துச் சங்கம் ஒன்றின் அங்கத்தினர், தம் வீட்டு மாடியில் சிறிய காற்றாடி மின்யந்திரம் ஒன்று நாட்டுவதற்காகக் கடன் மனுச் செய்துகொண்டார். ஊரில் காற்றுக்குக் குறைவில்லை. ஜாமீன்தார் இருவரும் நாணயஸ்தர்கள். பஞ்சாயத்தார் மனுவை அங்கீகரித்தனர். தணிக்கைக்குச் சென்ற நானும் கையொப்பங்களும் தவணைகளும் ஒழுங்காயிருக்கின்றனவா என்று பார்த்தேனேயன்றி, யந்திரத்தோடு எவ்விதப் பாட்டரி வாங்கப்படுகிறது என்று கேட்டேனில்லை. செலவைக் குறைக்க எண்ணிய அவர், மோட்டார் வண்டிக்குரிய பாட்டரிகள் இரண்டை மலிவாய் வாங்கி வைத்தார். ஐந்தாம் மாதத்தில் விளக்குகள் மங்கின. எட்டாம் மாதத்தில் பாட்டரிகள் முற்றிலும் உபயோகமற்றுப் போயின. காற்றாடியோ யாதொரு பழுதுமின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. தவணைகளில் பாதிக்கு மேல் அப்பொழுது பாக்கி நின்றன. ஜாமீன்தாருக்கு நோட்டீஸ் போயிற்று. அப்பிழையில் எனக்கும் பங்குண்டு. ஆதலால் இவ்விஷயத்தைக் கூடியமட்டும் விளங்க எழுதலாயிற்று.

முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் நிற்கும் பெரிய காற்றாலைகளுக்கு வீட்டுப் பாட்டரி போன்ற சேமிப்பு வேண்டுவதில்லை. அவை உண்டாக்கும் மின்சாரம் அப்பொழுதைக்கப்பொழுதே கம்பியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வீட்டுக் காற்றாடியின் நிலை வேறு. காற்று வரும் நேரம் ஒன்று, நமக்கு வெளிச்சம் வேண்டும் நேரம் மற்றொன்று. இடையில் சேமித்து வைக்கும் பண்டசாலை ஒன்று இருந்தே தீரவேண்டும். 1888-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தில் சார்லஸ் பிரஷ் என்பவர் தம் தோட்டத்தில் பெருங்காற்றாடி ஒன்று நாட்டி வீட்டிற்கு விளக்கேற்றியபோது, வீட்டின் நிலவறையில் பாட்டரிகளை வரிசையாக வைத்தே அதைச் செய்தார். அதன் பின்னர் 1930-களில் அந்நாட்டுக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் சிறு காற்றாடிகளை நாட்டி ரேடியோவுக்கும் விளக்குக்கும் மின்சாரம் பெற்றதும் பாட்டரியின் துணைகொண்டுதான்.

நமது அங்கத்தினர்கள் இவ்விஷயத்தில் தவறுவதற்கு முக்கிய காரணம், பட்டணத்து உறவினர் வீட்டில் கண்டதை அப்படியே பின்பற்றுவதாகும். 2008 முதல் சில வருஷங்கள் தமிழ்நாட்டில் மின்சாரத் தட்டுப்பாடு கடுமையாயிருந்தது. 2012-ல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரமும், வெளி ஜில்லாக்களில் அதற்குப் பன்மடங்கும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் வீடுதோறும் இன்வெர்ட்டரும் பாட்டரியும் வந்து சேர்ந்தன. மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு பாட்டரி ஐந்து வருஷம் உழைத்தது என்று கேட்டவர், அதே தினுசை வாங்கித் தம் கிராமத்துக் காற்றாடியில் இணைக்கிறார். அது இரண்டு வருஷத்தில் ஓய்கிறது; கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வருந்துகிறார். உண்மை அதுவன்று. பட்டணத்துப் பாட்டரி கம்பி மின்சாரத்தால் எப்பொழுதும் நிரம்பியே இருக்கிறது. இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு உடனே மறுபடியும் நிரம்பிக்கொள்கிறது. காற்றாடியின் பாட்டரியோ காற்றில்லாத நாட்களில் அரைவயிறும் கால்வயிறுமாய்க் கிடக்கிறது. அவ்வாறு கிடப்பதே அதற்கு நோய்.

அந்நோயின் தன்மை இது. ஈயப் பாட்டரியினுள் ஈயத் தகடுகள் கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் வெளிப்படும்போது தகடுகளின்மேல் ஒருவகை வெள்ளை உப்புப் படிகிறது. மின்சாரம் ஏற்றும்போது அது கரைந்துவிடுகிறது. நாட்கணக்கில் ஏற்றாது விட்டால் அவ்வுப்பு இறுகிப் பெரிய படிகங்களாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுதும் கரையாது. அத்தனைக்கத்தனை பாட்டரியின் கொள்ளளவு குறுகும்.

மோட்டார் வண்டிப் பாட்டரியில் தகடுகள் மெல்லியவை, பல. யந்திரத்தைக் கிளப்ப ஒரு கணம் மிகுந்த வேகத்துடன் மின்சாரம் கொடுப்பதற்கென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். தினந்தோறும் பாதிவரை காலியாக்கினால் தகடுகளின் பசை உதிர்ந்து அடியில் வண்டலாய்ப் படியும். டியூபுலர் என்னும் தினுசில் அப்பசை குழாய்களுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் எளிதில் உதிராது. ஈயப் பாட்டரிகளுள் காற்றாடிக்குத் தகுந்தது இதுவே. மூன்றாவது, சமீப காலத்தில் பரவிவரும் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் பாட்டரி. இது அரைகுறையாய்க் கிடப்பதனால் கெடுவதில்லை, தண்ணீர் ஊற்றும் வேலையுமில்லை, எடையும் குறைவு. ஆனால் முதல் விலை அதிகம். உள்ளே காவலாக உள்ள மின்னணுப் பலகை பழுதுபட்டால் கிராமத்தில் சீர்செய்வாரும் அரியர்.

விலையை எவ்வாறு ஒப்பிடுவது? பாட்டரியின் விலையைப் பார்க்கலாகாது. அது தன் ஆயுளில் கொடுக்கும் ஒரு யூனிட்டின் விலையைப் பார்க்கவேண்டும். கணக்குக்காக வைத்துக்கொள்ளும் தொகைகளைக் கொண்டு சொல்லுகிறேன். கடைவிலையை அவரவர் விசாரித்துக்கொள்க. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 1.8 யூனிட். பாதியே எடுப்பதானால் ஒரு தடவைக்கு 0.9 யூனிட். 10,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டிப் பாட்டரி 300 தடவை உழைத்தால் 270 யூனிட். யூனிட் ஒன்று 37 ரூபாயாகிறது. 16,000 ரூபாய் டியூபுலர் 1,200 தடவை உழைத்தால் 1,080 யூனிட். யூனிட் ஒன்று சுமார் 15 ரூபாய். 40,000 ரூபாய் லித்தியம் பாட்டரி தடவைக்கு 1.5 யூனிட் வீதம் 3,000 தடவை உழைத்தால் யூனிட் ஒன்று 9 ரூபாய்க்கும் குறைவு. மலிவென்று வாங்கியதே மூன்றிலும் விலையுயர்ந்தது. கம்பி மின்சாரம் ஒழுங்காய் வரும் ஊரில் இம்மூன்றுமே நஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இனி அளவு. ஒரு குடும்பத்தில் 9 வாட் விளக்குகள் மூன்று ஐந்து மணி நேரமும், 30 வாட் புதுவகை விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரமும் ஓடினால் 615 வாட்-மணி ஆகிறது. இன்வெர்ட்டரில் விரயமாவதையும் கைப்பேசிகளுக்கு ஏற்றுவதையும் சேர்த்து 740 என்று கொள்வோம். பழைய 75 வாட் விசிறியானால் இக்கணக்கு இருமடங்காகிவிடும். ஆகவே பாட்டரியைப் பெரிதாக்குமுன் விசிறியை மாற்றுதல் சிக்கனம். காற்றில்லாத இரண்டு நாட்களுக்கு 1,480 வாட்-மணி வேண்டும். ஈயப் பாட்டரியில் பாதியே எடுக்கலாமாதலால் ஏறக்குறைய 3,000 கொள்ளளவு தேவை. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்தால் 3,600 கிடைக்கும். லித்தியத்தில் பத்தில் எட்டுப் பங்கு எடுக்கலாமாதலால் அதே அளவுள்ள ஒன்றே போதும். ஆம்பியர்-மணி எத்தனை மணி நேரத்தில் எடுப்பதற்குக் குறிக்கப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். இருபது மணிக் கணக்கில் 150 என்று எழுதியிருப்பது, பத்து மணிக் கணக்கில் அத்தனை கொடாது.

பெரிதாக வாங்கிவிட்டால் தோஷமில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். சிறு காற்றாடியால் நிரப்ப முடியாத பெரிய பாட்டரி என்றும் அரைவயிறாகவே கிடந்து, முன்சொன்ன நோயால் அழியும். மிகச் சிறிதாயிருப்பினும் கேடே. ஈயப் பாட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் ஏற்றுவது தக்கது. 150-க்கு 15 ஆம்பியர். 24 வோல்ட்டில் அது ஏறக்குறைய 360 வாட். ஆயிரம் வாட் யந்திரத்தை அதில் பூட்டினால் வேகக் காற்றில் திராவகம் கொதித்துப் பொங்கும்.

யந்திரத்தின் மேல் எழுதியுள்ள வாட் கணக்கை நம்பியும் பாட்டரி வாங்கலாகாது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும், பாதியானால் எட்டிலொன்றாகும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள காற்றாடி, விநாடிக்கு 6 மீட்டர் காற்றில் 110 வாட் தருமாயின், 3 மீட்டர் காற்றில் 14 வாட்கூடத் தருவது அரிது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் பிற்பகல் வீசும் கடற்காற்று, தியாகராய நகரின் நெருங்கிய கட்டடங்களுக்கிடையே புகும்போது உடைந்து சுழன்று வலுவிழக்கிறது. அங்கே மாடியில் காற்றாடி நாட்டுவது அலங்காரத்திற்கே ஆகும். கிராமத்தில் மரங்களுக்கும் வீடுகளுக்கும் மேலாகக் கம்பம் எழும்பவேண்டும். காற்று ஓய்ந்த காலை வேளைகளில் வெயில் இருப்பதால், சிறு சூரியப் பலகை ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் பாட்டரி பட்டினி கிடவாது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் 1998-ல் ஏற்பட்டது. சிறு காற்றாடிகளைப் பரீட்சிக்கும் வேலையும் அதனுடையது. வாங்கும் யந்திரம் அவ்வாறு பரீட்சிக்கப்பட்டதா என்று விசாரிப்பது நலம்.

சூரியப் பலகைக்கு உரிய கட்டுப்பாட்டுப் பெட்டியைக் காற்றாடிக்கு மாட்டுவது பெரும் அபாயம். பாட்டரி நிரம்பியதும் அப்பெட்டி இணைப்பை அறுத்துவிடும். பலகைக்கு அதனால் கேடில்லை. காற்றாடியோ சுமையிழந்து, அவிழ்த்துவிட்ட காளைபோல் வேகங்கொண்டு சிறகு முறியும். மிகுந்த மின்சாரத்தைக் கம்பிச்சுருள் ஒன்றில் வெப்பமாக்கிச் செலவழிக்கும் பெட்டியே காற்றாடிக்கு உரியது. 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றடித்து ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய எச்சரிக்கை வந்தால் கம்பத்தையே இறக்கிவைக்கும்படி கீல் அமைத்திருக்கவேண்டும்.

பாட்டரி வைக்கும் இடம் நிழலும் காற்றோட்டமும் உள்ளதாயிருக்கட்டும். ஏற்றும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அடுப்பங்கரையும் பூஜைவிளக்கு எரியும் அறையும் ஆகா. ஓட்டின் கீழ் அனல் தட்டும் பரணும் ஆகாது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஈயப் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம் முதலிய இடங்களில் புகுந்தபோது, தரைத்தளத்தில் இருந்த பாட்டரிகள் வெள்ளத்தில் மூழ்கின. நம் கிராமங்களில் திண்ணையளவு மேடையாவது கட்டிக்கொள்ளவேண்டும்.

குறையும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றவேண்டும். கிணற்று நீரும் திராவகமும் ஊற்றலாகாது. பழைய பாட்டரியோடு புதியதைத் தொடராக இணைத்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். ஓய்விலிருக்கும் 12 வோல்ட் ஈயப் பாட்டரி 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று அறிந்து அன்றிரவு விசிறியை நிறுத்திவிடுக. திராவகத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொற்ப விலையுடையது. சங்கத்துக்கு ஒன்று வாங்கி அங்கத்தினர்கள் மாதமொருமுறை எடுத்துச் சென்று பார்த்துத் திருப்பும்படி ஏற்பாடு செய்யலாம். நான் மேலே குறித்த சங்கத்தில் இப்பொழுது அவ்வாறே நடக்கிறது.

கடன் மனுவை ஆலோசிக்கும் பஞ்சாயத்தார், பாட்டரியின் தினுசு, ஆம்பியர்-மணி, உத்தரவாத வருஷங்கள் ஆகியவற்றை விலைப்பட்டியில் எழுதி வாங்கவேண்டும். உத்தரவாதம் முடியுமுன் கடைசித் தவணை முடியும்படி காலம் குறிக்கவேண்டும். உழைத்து ஓய்ந்த ஈயப் பாட்டரியை உடைத்துத் திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவது குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் விஷம். 2022-ஆம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களைச் சார்ந்தது. கடையில் ஒப்படைத்தால் ஈயத்திற்குரிய விலையும் கிடைக்கும். அதற்கு ரசீது பெற்று, கடன் பாக்கியிருந்தால் அத்தொகையைத் தவணையில் வரவு வைத்துக்கொள்ளலாம்.