ரேடார் கண்ணில் தப்பும் தெருக்கள்

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சரி, மழை கொட்டிய நேரத்தில் சாதாரணக் கேமரா கொண்ட செயற்கைக்கோளுக்குத் தெரிந்தது மேகம் மட்டும்தான். எப்போது பார்க்க வேண்டுமோ அப்போது அதற்குக் கண் தெரியாது. அதனால்தான் வெள்ளத்தை வரைபடமாக்குபவர்கள் ரேடாரைத் தேடிப் போகிறார்கள்.

ஐரோப்பாவின் சென்டினல்-1, இஸ்ரோ 2022-ல் ஏவிய இஓஎஸ்-04 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் தாமே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கின்றன. சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலைக்கு மேகமும் இருட்டும் பொருட்டே இல்லை. சாய்வாக வந்து விழும் அலையைத் தேங்கிய தண்ணீர் கண்ணாடிபோல் அப்பால் தள்ளிவிடும். செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய எதுவும் திரும்பாது. படத்தில் அந்த இடம் கருப்பு. செம்பரம்பாக்கம் ஏரியோ, கரை தாண்டி வயல்வெளியில் பரவிய ஆறோ இப்படி எளிதில் பிடிபடும்.

ஊருக்குள் நுழைந்தால்தான் வம்பு. 2015-ல் வெள்ளம் புகுந்து பல நாள் மூடிக்கிடந்த மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை, நல்ல வெயில் நாளிலும் ரேடார் படத்தில் கருப்புதான். வழவழப்பான தளம் அப்படி. கருப்பெல்லாம் தண்ணீர் என்றால் அங்கே ஆண்டு முழுவதும் வெள்ளம்!

வேளச்சேரி போல வீடுகள் நெருங்கிய பகுதியில் கதை தலைகீழ். தெருவில் பட்ட அலை எதிர்ச்சுவரில் மோதி, வந்த வழியே திரும்புகிறது. தெருவில் தண்ணீர் நின்றால் இந்த இரட்டை மோதல் இன்னும் பலமாகலாம். மூழ்கிய தெரு கருக்காமல், முன்னைவிடப் பளிச்சென்று தெரியலாம். உயரமான கட்டடங்களின் ரேடார் நிழலில் சிக்கிய சந்துகளைப் பற்றியோ எந்தத் தகவலும் வராது.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. கட்டடம் அசையாது, எனவே ஒரே பாதையில் வெவ்வேறு நாட்களில் எடுத்த இரு படங்களில், திரும்பி வரும் அலை கிட்டத்தட்ட அச்சு மாறாமல் இருக்கும். இடையில் தண்ணீர் புகுந்தால் அந்த ஒத்திசைவு குலைந்துபோகும். நகரத்தைப் பொறுத்தவரை, கருப்பு வெள்ளையை நம்புவதைவிட இந்தக் குலைவை நம்பலாம் என்பேன்.

ஆனால் ஒரு சென்டினல் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். நகர வெள்ளமோ சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடுகிறது. பேரிடர்க் காலத்தில் படங்களைப் பகிர்ந்துகொள்ள விண்வெளி அமைப்புகளிடையே 2000-லிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது, இஸ்ரோவும் அதில் உறுப்பினர். அதனால் இடைவெளி கொஞ்சம் குறைகிறது.

இன்னொரு குறை பெரியது. படம் பரப்பைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. நாம் கேட்பதோ "முழங்கால் அளவா, இடுப்பளவா?" என்றுதான். அதைக் கணக்கிடத் தரையின் உயர வரைபடம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உலக வரைபடங்களில் சில மீட்டர் பிழை சாதாரணம். சென்னை போன்ற சமதள ஊரில் அந்தப் பிழைக்குள் ஒரு தரைத்தளமே மூழ்கிவிடும்.

சென்டினல்-1 படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மனை வாங்குமுன் பழைய மழைக்காலப் படங்களைப் பாருங்கள். உங்கள் தெரு அதில் கருப்பாக இல்லை என்பதற்காக மட்டும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தெருமுனைக் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்.