பச்சையாகத் தெரிவதெல்லாம் காடா? செய்மதிப் படங்களில் வன்னியை வாசித்தல்

கூகிள் ஏர்த் 2005ஆம் ஆண்டு பொதுப் பாவனைக்கு வந்தபோது, அதைக் கணினியில் இறக்கிக்கொண்ட எங்கட ஆட்களில் அநேகர் முதலில் போன இடம் மக்காவாகத்தான் இருந்திருக்கும். கஃபாவை மேலிருந்து பார்த்துவிட்டு எகிப்தின் பிரமிட்டுகள், ஆக்ராவின் தாஜ்மஹால், இஸ்தான்பூலின் பள்ளிவாசல்கள் என்று ஒரு சுற்று. அந்த ஆசை அடங்கினதும் எல்லோரும் வந்து நிற்பது சொந்த ஊரில். உலகம் முழுக்கச் சுற்றினாலும் மனிசன் கடைசியில் தேடுவது தன்ட வீட்டுக் கூரையைத்தான்.

வன்னி முஸ்லிம்களுக்கு இந்தத் தேடல் வேறு மாதிரி முடிந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் முல்லைத்தீவின் முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, கிளிநொச்சியின் நாச்சிக்குடா, வவுனியாவின் சாளம்பைக்குளம் ஆகிய ஊர்களின் சனமும் அடக்கம். பதினைந்து, இருபது வருடத்துக்குப் பிறகு திரையில் தங்கள் காணியைத் தேடியவர்களுக்குப் பல இடங்களில் கூரையும் தெரியவில்லை, முற்றமும் தெரியவில்லை. பச்சைதான் தெரிந்தது. அதை ஓர் அதிகாரி பார்த்தால் 'காடு' என்பார். காணிக்காரர் பார்த்தால் 'எங்கட வளவு' என்பார். படம் ஒன்றுதான். ஆனால் எந்த வாசிப்பு ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்பதில் ஒரு குடும்பம் ஊர் திரும்புவதும் திரும்பாமல் போவதும் தங்கியிருக்கிறது. செய்மதிப் படத்தை வாசிக்கப் பழகுவது எங்களுக்குப் பொழுதுபோக்கல்ல என்று சொல்வது அதனால்தான்.

முதலில் படம் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். செய்மதி தரையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. அந்தச் சதுரம்தான் பிக்சல். அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிகளின் வழமையான பிக்சல் 30 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். எங்கட கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 35 பேர்ச்சஸ். ஓர் ஏக்கர் காணி வெறும் நாலரைப் பிக்சல். அதற்குள் வீடு, கிணறு, மாமரம், மாட்டுக்கொட்டில் எல்லாம் ஒரே நிறமாகக் கரைந்துவிடும். கூரையைத் தனியாகப் பார்ப்பதற்கு ஒரு மீற்றருக்குக் கிட்டவான பிக்சல் வேண்டும். அப்படியான படத்தை விலைக்கு விற்கும் முதலாவது தனியார் செய்மதி ஐக்கோனோஸ். அது விண்ணுக்குப் போனது 1999இல். அதாவது வெளியேற்றம் நடந்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு! கூகிள் ஏர்த்தின் பழைய படப் பகுதியில் எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் 1990க்கு முந்தின வீட்டுக் கூரை தெளிவாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். சனம் இல்லாத வருடங்களைத்தான் அது எங்களுக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. செய்மதிக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தெரியும். செழித்த இலை அந்த ஒளியை நன்றாகத் தெறிக்கவிடும். அதனால் ஆராய்ச்சியாளர்கள் பாவிக்கும் சில படங்களில் காடும் வயலும் சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஊரே பத்தி எரிஞ்சிட்டுது என்று பயப்பட வேண்டியதில்லை.

வன்னியை மேலிருந்து பார்க்கப் பழகுவதற்கு நல்ல வழி குளங்களில் தொடங்குவது. இரணைமடுவை யாரும் தவறவிட மாட்டார்கள். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. கனகராயன் ஆறு தெற்கேயிருந்து வந்து அதில் நிறைந்து, பிறகு வடக்கே சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போவதைக் கோடு போலத் தொடரலாம். கிழக்கே நந்திக்கடல், அதன் தெற்கு முனையில் வட்டுவாகல். இவை பெரிய அடையாளங்கள். வன்னியின் உண்மையான முகம் சின்னக் குளங்களில் இருக்கிறது. ஒரு பக்கம் வில் போல வளைந்த குளக்கட்டு, மறுபக்கம் விரல் விரலாகக் காட்டுக்குள் நுழையும் நீர், கட்டுக்குக் கீழே வயல்வெளி, அதன் ஓரத்தில் ஊர். ஒரு குளம் வான் பாய்ந்த தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். கார்த்திகை, மார்கழிப் படங்களில் மேகம்தான் இருக்கும். பெப்ரவரி தொடக்கம் செப்டெம்பர் வரையான படங்களைத் தேடுங்கள். அதிலும் காலபோக அறுவடைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் எது வயல், எது பற்றை என்பது தானாகவே பிரிந்துவிடும்.

இப்படிப் பார்த்துக்கொண்டு போகையில் காட்டின் நடுவிலும் அதே வில் வடிவம் அகப்படும். தண்ணீரில்லை, வயலில்லை, ஊருமில்லை, ஆனால் கட்டு இருக்கிறது. அவை கைவிடப்பட்ட குளங்கள். ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைப் புரட்டியவர்களுக்கு இது புதினமில்லை. வன்னியில் காடு ஊரை மூடுவதும், ஊர் காட்டை வெட்டித் திரும்ப வருவதும் பல நூற்றாண்டாக நடந்துவந்த விசயம். அடர்ந்திருக்கிறது என்பதற்காக அது ஆதிக் காடு என்று முடிவுகட்ட இந்த மண்ணில் இடமே இல்லை.

இதற்குக் கிட்டத்து உதாரணம் செட்டிகுளத்தில் இருக்கிறது. இறுதி யுத்தத்தில் வன்னியிலிருந்து வெளியே வந்த தமிழ்ச் சனம் அடைக்கப்பட்ட மெனிக்பாம் முகாம். ஒரு கட்டத்தில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தனர். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. பழைய படங்களைத் திகதி வரிசையில் நகர்த்திப் பார்த்தால் முதலில் பச்சை, பிறகு வெட்டவெளியில் வரிசை வரிசையாகக் கூடாரங்களும் தகரக் கொட்டில்களும், பிறகு திரும்பவும் பற்றை ஏறும் நிலம். சில வருடங்களுக்குள் மூன்று முகம். கடைசிப் படத்தை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அங்கே ஒரு நகரமளவு சனம் இருந்தது எப்படித் தெரியவரும்? 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் சுயாதீன ஊடகவியலாளர்கள் போக முடியாதிருந்த மாதங்களில், வெளியுலகத்துக்குக் கிடைத்த சில சாட்சியங்களில் செய்மதிப் படமும் ஒன்று. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கையிலும் அவை இடம்பெற்றன. திகதியோடு கூடிய படத்தின் பலம் அதுதான்.

முசலி விவகாரத்தில் அதே பலம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. முசலி மன்னார் மாவட்டத்தில் இருந்தாலும் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்குவதால் இங்கே பேசத்தான் வேண்டும். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி சனம் 1990இல் போனது. யுத்தம் முடிந்து திரும்பி வரத் தொடங்கிய நேரத்தில், 2012இல், அந்தப் பக்கத்தில் ஒதுக்குக் காடுகளை அறிவிக்கும் வர்த்தமானி வந்தது. எல்லைகள் தலத்துக்கு வராமல் கொழும்பிலிருந்தே போடப்பட்டன என்பது மக்கள் தரப்புக் குற்றச்சாட்டு. 2015 அளவில் 'வில்பத்து அழிகிறது' என்ற சத்தம் நாடு முழுக்கக் கேட்டது. பச்சையாக இருந்த படத்தையும், வீதியும் வீடுமாக வெளுத்த படத்தையும் அக்கம்பக்கமாக வைத்துக் காட்டினார்கள். இரண்டு படமும் உண்மையானவைதான். ஆனால் மூன்றாவது படம் ஒன்று வேண்டியிருந்தது: 1990க்கு முந்தினது. அதை யாரும் பெரிதாகக் காட்டவில்லை. எங்கட தரப்பும் காட்டவில்லை. மேடைப் பேச்சுக்குச் செலவழித்த நேரத்தில் கால்வாசியை அதைத் தேடுவதற்குச் செலவழித்திருக்கலாம். 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்ற இன்னொரு வர்த்தமானி. 2020 நவம்பரில் கல்லாறு காட்டுப் பகுதி வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மீள்காடாக்கம் செய்ய உத்தரவிட்டது.

அந்த மூன்றாவது படம் எங்கே கிடைக்கும்? முதல் லான்ட்சற் 1972 ஜூலையில் பறந்தது. அதன் பிக்சல் ஏறத்தாழ 80 மீற்றர், மிகவும் மொட்டை. 1984இல் ஏவிய லான்ட்சற் 5 தான் எங்களுக்கு முக்கியம், அதில் 30 மீற்றர் வரும். எல்லா வருடத்துக்கும் மேகமில்லாத படம் கிடைக்காது, கிடைத்தாலும் வீட்டைக் காணமுடியாது. ஆனால் பெரிய வெளியாக இருந்தால் வயலா, தோப்பா, அடர்காடா என்பதைச் சொல்ல முடியும். 2008இலிருந்து இந்தக் களஞ்சியம் இலவசம். அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு இறக்கலாம். பிரான்சின் ஸ்பொட் செய்மதி 1986இலிருந்து 10 மீற்றர்க் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தது.

இவற்றைவிடப் பெறுமதியானவை விமானப் படங்கள். 1956இல் கனடாவின் உதவியோடு இலங்கை முழுவதும் வானிலிருந்து படமெடுக்கப்பட்டது. நாட்டின் காட்டு வளத்தைக் கணக்கெடுக்கவும் அந்தப் படங்கள் பயன்பட்டன. எது காடு, எது ஊர் என்று அன்றைக்கே பிரித்துப் பார்த்த ஆவணம் அது. 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்களில் குளங்களின் பெயர், வண்டிப்பாதை எல்லாம் அச்சில் இருக்கின்றன. அமெரிக்க உளவுச் செய்மதியான கொரோனா 1960 முதல் 1972 வரை பிலிம் சுருளில் படம் பிடித்து, சுருளைப் பரசூட்டில் கீழே விட, விமானம் அதை ஆகாயத்திலேயே கொளுவிப் பிடிக்கும். அதன் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் 1995இல் இரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. சிரியாவிலும் ஈராக்கிலும் ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தின ஊர்களுக்குப் போன பாதைகளைத் தொல்லியலாளர்கள் அதில்தான் கண்டுபிடித்தார்கள். மண்ணில் கால் பட்டுப்பட்டுப் பள்ளமான கோடு அவ்வளவு காலம் அழியாமல் இருந்திருக்கிறது.

கைவிட்ட ஊர் தடயம் வைக்காமல் போவதில்லை. 1948இல் வெறுமையாக்கப்பட்ட பலஸ்தீனக் கிராமங்கள் பலவற்றின் மேல் காடு நட்டார்கள். ஆனாலும் வேலிக்கு வைத்த கள்ளிச் செடிகள் இன்றைக்கும் முளைத்து ஊரின் எல்லையைக் காட்டுகின்றன. எங்கட பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது தென்னையும் மாவும் புளியும். தெளிவான படத்தில் தென்னையின் தலை நட்சத்திரம் மாதிரி இருக்கும், பாலைக்கும் வீரைக்கும் நடுவில் அது தானாக முளைக்காது. கிணறு கறுப்பு வட்டமாகத் தெரியும். நேர்கோட்டில் முடியும் பற்றையைக் கண்டால் நின்று பாருங்கள். காடு நேர்கோடு போடாது, பழைய வேலியோ ஒழுங்கையோதான் போடும். பல வருடத்து முதிர்காட்டின் மேற்புறம் மேடும் பள்ளமுமாக, நிழல் விழுந்து தெரியும். இருபது வருடத்துப் பற்றைக்காடு கம்பளம் விரித்தது போலச் சமமாகக் கிடக்கும். ஒவ்வொரு தடயமும் தனியே நின்றால் பலவீனம்தான். நாலைந்து ஒரே இடத்தில் சேர்ந்தால் கதை வேறு.

படம் சொல்லாததும் உண்டு. காணி யாருடையது என்று படத்துக்குத் தெரியாது. அதற்கு உறுதி வேண்டும், அல்லது அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், பழைய வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூட அனுமதிப் பதிவு. எல்லைத் தகராறுக்குக் கூகிளைக் கொண்டு போவதும் வேலைக்காகாது. அதில் சில மீற்றர் பிசகு எப்போதும் இருக்கும். வவுனியாவிலிருந்து கஃபாவுக்குக் கோடு இழுத்தால் மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே சாய்ந்து, 4,500 கிலோமீற்றருக்கும் கொஞ்சம் கூடப் போகும். அந்தத் தூரத்தில் சில மீற்றர் ஒன்றுமேயில்லை. இரண்டு வளவுக்கு நடுவில் அது ஒரு வேலியின் தலைவிதி. படத்தின் கீழே தெரியும் உரிமை ஆண்டை எடுத்த திகதி என்று நம்பி மனுவில் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். எடுத்த திகதி தனியாகப் போட்டிருக்கும்.

படம் எங்களுக்குச் சாதகமாகவே பேசும் என்று நினைத்துப் போகவும் கூடாது. 1990இல் போன ஒரு குடும்பம் இன்றைக்கு நாலு, ஐந்து குடும்பம். முந்தின வளவு அவர்களுக்குப் போதாது. புதுக் காணி கேட்டபோது முல்லைத்தீவு மாவட்டத்தில் காடு வெட்டுவது பற்றித் தமிழ், முஸ்லிம் சனத்துக்கிடையில் முறுகல் வந்ததை அறிவோம். அங்கே 1985ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தால் சில துண்டுகள் அன்றைக்கும் காடாகவே இருக்கக்கூடும். அப்படியானால் 'எங்கட பழைய காணி' என்று வாதாடாமல், 'பெருகிய சனத்துக்குக் காணி' என்ற நியாயமான கோரிக்கையை அந்தப் பெயரிலேயே வைக்க வேண்டும். இரண்டையும் கலந்து பேசினால் உண்மையான பழைய வளவுக்காரரின் வழக்கும் சேர்ந்து பலவீனப்படும்.

இளைஞர்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கிடைக்கிற பழைய விமானப் படத்தையோ செய்மதிப் படத்தையோ பெரிதாக அச்செடுத்து மேசையில் விரியுங்கள். ஊரின் மூத்தவர்களைச் சுற்றி உட்கார வைத்து, பள்ளிவாசல், மையவாடி, குளக்கட்டு, துருசு, பெரிய கிணறு, இன்னாரின் தோப்பு என்று பெயர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். எழுதும்போது சொன்னவரின் பெயரையும் திகதியையும் சேர்த்தெழுதுங்கள். 1990இல் இருபது வயதில் வெளியேறியவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். அன்றைக்கு வயல் செய்த, எந்த ஒழுங்கை எந்த வளவில் முடியும் என்று தெரிந்த தலைமுறைக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது.